சவிரிமுத்துவின் தாரா

நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில், வருகிறவர்கள் இருப்பதற்கென்று ஒரு கதிரை கிடந்தது. அதன் ஒரு கால் மற்றவற்றைவிடச் சற்றுக் கட்டை. இருந்தவர் ஆடிக்கொண்டே கதைக்க வேண்டும். ஆடிக்கொண்டு கதைப்பவர் நெடுநேரம் கதைக்கமாட்டார். அதனால் அதைத் திருத்த நான் எவரையும் விடவில்லை.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கிய ஒரு காலையில் நான் உள்ளே போனபோது, அந்தக் கதிரையில் ஒரு பறவை இருந்தது.

கழுத்துவரை கோதுமை மாச்சாக்குக்குள். மேலே மண்ணிறத் தலை. என் நடுவிரலைவிட நீளமான, ஈட்டி போன்ற சொண்டு. இரண்டு கண்களையும் முன்னுக்குக் கொண்டுவந்து அது என்னை நேராகப் பார்த்தது. கந்தோருக்கு வருகிறவர்கள் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் என் மேசைமேல் உள்ளவற்றைப் பார்ப்பார்கள், அல்லது தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். இது மட்டும், பிரதம இலிகிதர் என்ற பதவி கடலில் செல்லாது என்பதைத் தெரிந்துவைத்திருந்த மாதிரி இருந்தது.

கதிரைக்கு ஒரு பக்கம் சவிரிமுத்து நின்றார். உட்துறைமுகக் கரையில் சிறு வள்ளம் வைத்திருந்த மனிதர். மறுபக்கம் அவருடைய மனைவி திரேசம்மா. சந்தையில் மீன் விற்பவர். அந்த வீட்டில் கதைக்கிற பொறுப்பு அவருடையது.

"ஐயா, இதுக்கு ஒரு பேர் சொல்லுங்கோ," என்றார் திரேசம்மா. "பேர் சொன்னாத்தான் என்ர மனிசன்ர பாஸைத் திருப்பித் தருவாங்களாம்."

சென்ற வாரம் தேய்ந்துபோன ஒரு இறப்பர் முத்திரையைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, கந்தோர்ச் சாமான்களைத் தவிர வேறெதன்மேலும் உங்களுக்கு அன்பு வந்ததில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் உயிருள்ள ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அதுவும் கந்தோர் வழியாகத்தான் வந்தது. மன்னிக்க வேண்டும்.

மீன் அல்லாதது

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் திருகோணமலையில் கடலுக்குப் போவதென்றால் பாஸ் வேண்டும். இறங்குதுறையில் ஒரு சென்ரி, இராணுவக் காவலரண். அங்கே அடையாள அட்டையைக் கொடுத்து, பாஸைக் காட்டி, வள்ளத்தைத் திறந்து காட்டி, பிறகு கடலுக்குள் போகலாம். குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். திரும்பும்போது மீண்டும் வள்ளத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

மீன் என்றால் சிக்கல் இல்லை. சுறாவும் மீன், இறாலும் மீன், நண்டும் மீன். அந்த விஷயத்தில் சென்ரி தாராள மனம் கொண்டது. ஆனால் மீன் அல்லாத எதைக் கடலிலிருந்து கொண்டுவந்தாலும் அது வேறு கதை. அந்தப் பொருள் இன்னதென்று வகைப்படுத்தப்பட்டு, அதற்குரிய இடத்தில் சேரும்வரை, கொண்டுவந்தவரின் பாஸ் சென்ரியிலேயே நிற்கும். வகைப்படுத்தும் வேலை எங்கள் கந்தோருக்கு. கந்தோரில் அந்த வேலை எனக்கு.

இந்த ஒழுங்கை உருவாக்கியவர் எவரோ எனக்குத் தெரியாது. நல்ல மூளைசாலி. கண்ணிவெடியைக் கண்டெடுத்தவனையும் தேங்காயைக் கண்டெடுத்தவனையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த மனிதர்.

"நீங்கள் ஏன் இதைக் கொண்டு வந்தனீங்கள்?" என்று சவிரிமுத்துவைக் கேட்டேன்.

"நான் எங்க ஐயா கொண்டு வந்தனான்? அதுதான் என்ர வள்ளத்தில வந்து விழுந்தது. தூக்கித் தூக்கிக் கடலில போட்டனான். திரும்பத் திரும்ப ஏறி வலைக்கு மேல குந்தினது."

"குந்தினது மட்டுமே? பிடிச்ச மீனில பாதியத் திண்டுபோட்டு வந்திருக்கு," என்றார் திரேசம்மா. "வாடைக்கு மூண்டு மாதமா வள்ளம் கரையில கிடந்தது. கடல் திறந்த முதல் கிழமையே உந்தச் சனியன் வந்து ஏறி இருக்கு. சொல்லுங்கோ ஐயா, இது காகமா, கழுகா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்லும் நடைமுறை எங்கள் கந்தோரில் இல்லை. "பரிசீலிப்போம்," என்றேன்.

ஒரு கதவின் கதை

பரிசீலிப்பதென்றால் என்னவென்று சவிரிமுத்துவுக்குத் தெரியும். அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் காரணம் ஒரு கதவு.

இதற்கு முன்னொரு வருடம், இன்னொரு கடற்றொழிலாளி மிதந்துவந்த ஒரு கதவைக் கட்டி இழுத்து வந்துவிட்டார். நல்ல தேக்கு. பித்தளைக் கைப்பிடி. ஏதோ ஒரு கப்பலின் அறைக்கதவு. அது கப்பலின் பாகமா, மரமா, தளபாடமா என்பதுதான் கேள்வி. கப்பலின் பாகம் என்றால் துறைமுகத்துக்குப் போக வேண்டும். மரம் என்றால் காட்டுக்குப் பொறுப்பான கந்தோருக்கு. தளபாடம் என்றால் எங்களுக்கே. துறைமுகம், கப்பல் இல்லாமல் கப்பலின் பாகம் இருக்க ஏலாது என்று எழுதியது. காட்டுக்காரர், இழைத்த மரம் மரமல்ல என்று எழுதினார்கள். எங்களிடம் கதவு ஏற்கெனவே நிறைய இருந்தது.

அந்தப் பருவம் முழுவதும் அந்த மனிதருக்குக் கடல் இல்லை. ஈச்சிலம்பற்றில் சகோதரி வீட்டில் போய் நின்று நெல் வெட்டினார். நெல் வெட்டிப் பழகாத கை. ஒருநாள் தன் காலையே வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கதவு எங்கள் களஞ்சியத்தில் கிடந்தது. கடைசியில் அதைக் கறையான் மண் என்று வகைப்படுத்தியது. எந்தத் திணைக்களமும் ஆட்சேபிக்கவில்லை.

ஆகவே நான் "பரிசீலிப்போம்" என்று சொன்னதும் சவிரிமுத்துவின் முகம் கறுத்ததில் வியப்பில்லை. திரேசம்மாவின் முகம் சிவந்தது.

"ஐயா, கதவெண்டா சும்மா கிடக்கும். இது தின்னும்."

நியாயமான வேறுபாடு. குறித்துக்கொண்டேன்.

மூக்கைத் தேடிய டொக்டர்

முதலில் வனவிலங்குகளுக்குப் பொறுப்பான கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். அந்தக் காலத்தில் கோடு கிடைப்பதே ஒரு சாதனை. கிடைத்ததும் அங்கிருந்தவர், தங்கள் பிரதேசம் கடற்கரையில் அலை தொடும் இடத்தோடு முடிகிறது என்றார். பறவையைக் கண்டது அலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்றேன். மகிழ்ச்சியோடு வைத்துவிட்டார். மீனுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டேன். செதில் இருக்கிறதா என்றார்கள். இறகு இருக்கிறது என்றேன். அவர்களும் மகிழ்ந்தார்கள்.

மிஞ்சியவர் மிருக வைத்தியர். டொக்டர் நடேசன் புதிதாக மாற்றலாகி வந்தவர், மரியாதையான மனிதர், மாடு ஆட்டைத் தவிர வேறெதையும் உற்சாகத்தோடு பார்ப்பவர். கந்தோருக்கே வந்து, சேர்ட் கையை மடித்து, சிறு ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு பறவையின் முகத்துக்குக் கிட்டப் போனார்.

நெடுநேரம் பார்த்தார். சொண்டை இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார்.

"மூக்கு இல்லை," என்றார்.

"மூக்கில்லாமல் எப்படி, டொக்டர்?"

"ஓட்டையைக் காணேல்லை. கோழிக்குப் பாருங்கோ, சொண்டில ரெண்டு ஓட்டை இருக்கும். தாராவுக்கும் இருக்கும். இதுக்கு இல்லை. யாரோ அடைச்சுப்போட்டாங்கள்."

பதறிப்போனேன். "டொக்டர், தயவு செய்து 'அடைச்சிருக்கு' எண்டு எங்கேயும் எழுதிப்போடாதேங்கோ. உள்ளுக்க என்ன வைச்சு அடைச்சது எண்டு சென்ரியில கேப்பினம். பிறகு அறுத்துப் பாப்பினம். பறவையோட நிக்காது."

டொக்டருக்கு விளங்கியது. அந்த ஊரில் அந்த வருடங்களில் மூடியிருந்த எதையும் திறந்து பார்த்தார்கள். சோற்றுப் பொதி, சைக்கிள் பம்ப், பிள்ளையின் பால் போத்தல். மூடிய மூக்கொன்றை எழுத்தில் கொடுப்பது யாருக்கும் நல்லதல்ல.

"அப்ப நான் இன்னொருக்கா வடிவாப் பாக்கிறன்," என்று விரலை விட்டார். பறவை அதுவரை பொறுமையாகத்தான் இருந்தது. சொண்டின் ஓரம் அரிவாள் பல்லுப்போல இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்தது, அவருக்குச் சற்று முன்னதாக.

விரலைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு, "அல்பற்றோஸ் எண்ட கடற்பறவையாய் இருக்கலாம்," என்றார் டொக்டர். வலியில் பிறந்த யோசனை. "ஆனா எனக்கு நிச்சயமில்லை. பரிமளம் ரீச்சரைக் கேளுங்கோ."

வெள்ளைக் கழுத்து

பரிமளம் ரீச்சர் பெண்கள் பாடசாலையொன்றில் உயிரியல் படிப்பித்தவர். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வாரவிடுமுறைகளில் பறவை பார்க்கும் பழக்கம் அவருக்கு. அந்தக் காலத்தில் அது வீரதீரச் செயல். தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை வந்தபோது, ரீச்சர் தன்னுடையதைத் துடைத்து, உறையில் போட்டு, பொலிசில் கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு கிட்ட வருகிற பறவைகளை மட்டும் பார்த்தார். காகங்களைப் பற்றி அவரைப்போல் அறிந்தவர் மாகாணத்தில் இல்லை.

அப்படிப்பட்டவர் முன்னால் இந்தப் பறவை. அவர் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ, ஆர் உன்னை இஞ்ச கொண்டு வந்தது?" என்று அதைக் கேட்டார். சவிரிமுத்து, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ரீச்சர் தையல் அளவு நாடாவை எடுத்தார். சாக்கைக் கழற்றினோம். சவிரிமுத்து ஒரு செட்டையைப் பிடிக்க, நான் மற்றதைப் பிடிக்க, விரித்தால் என் மேசையின் இரண்டு பக்கமும் தாண்டி நின்றது. கோப்புகள் விழுந்தன. ஒரு கந்தோருக்குள் அடங்காத பொருளொன்றை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

"மூக்கு அடைபடேல்லை," என்றார் ரீச்சர். "இதின்ர இனமே இப்படித்தான். உயரத்தில இருந்து அம்பு மாதிரித் தண்ணிக்குள்ள விழுந்து மீன் பிடிக்கிற சாதி. மூக்கு திறந்திருந்தா முதல் பாய்ச்சலிலயே மூளைக்குள்ள தண்ணி போயிடும். வாய் ஓரத்தால மூச்சு விடுது, பாருங்கோ."

"அப்ப அல்பற்றோஸ் இல்லையே?" என்றார் டொக்டர், விரலைத் தடவியபடி.

"அதுக்குச் சொண்டுக்கு மேல மூக்கு குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும். காலைப் பாருங்கோ. தாராவுக்கு முன்விரல் மூண்டுக்கும்தான் சவ்வு. இதுக்குப் பின்விரலையும் சேத்து நாலுக்கும். அப்ப இது எந்தக் குடும்பம் எண்டு தெரிஞ்சுபோச்சு. இனி எந்த இனம் எண்டதுதான் மிச்சம்." சொண்டை லாவகமாக ஒதுக்கி, கழுத்துக்குக் கீழே இறகை நீவினார். "மண்ணிறத் தலை. நெஞ்சுவரைக்கும் மண்ணிறம் வந்து கோடு போட்ட மாதிரி நிண்டா ஒரு இனம். இது கழுத்தோட நிண்டிட்டுது. பின் கழுத்தில வெள்ளைப் பட்டி. இது மற்ற இனம். பெரிசு. இன்னும் குஞ்சுப்பருவம் போகேல்லை. வளந்தா உடம்பு வெள்ளை."

அதன் ஆங்கிலப் பெயரையும் சொன்னார். அதில் பாதி முட்டாள் என்று பொருள்படும், மற்றப் பாதி முகமூடி. மனிதரைக் கண்டு பயப்படாத பறவைக்கு மாலுமிகள் வைத்த பெயர் முட்டாள் பாதி. முகமூடிப் பாதி வளர்ந்த பறவையின் முகத்துக் கறுப்புக்காக. சாக்கால் முகம் மூடிய மனிதர்கள் ஜீப்புக்குள் இருந்து தலையாட்டி ஆட்களைப் பிடித்துக் கொடுத்த ஊரில், முகமூடி என்ற சொல்லை எந்தக் காகிதத்திலும் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ரீச்சருக்கும் இல்லை. இலத்தீன் பெயர் போதும் என்றார்.

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இந்தக் கரையில் இதை இதற்குமுன் ஒருவரும் கையில் பிடித்து அளந்ததாகத் தான் படித்ததில்லை என்றார்.

அதைக் கேட்டதும் நான், விழுந்த கோப்புகளுக்குள் நடைமுறைப் புத்தகத்தைத் தேடினேன்.

அரிய பொருள்

அரிதானது என்றால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. கொழும்புக்கு அறிவிக்க வேண்டும். கொழும்பு ஒரு நிபுணரை அனுப்பும், அல்லது பறவையை அனுப்பச் சொல்லும். எந்த நிலையில் அனுப்புவது, உயிரோடா பஞ்சடைத்தா, என்பதற்குத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். வீதி மூடியிருந்தால் திறக்கும்வரை பதில் வராது. அதுவரை பறவை கொண்டுவந்தவரின் பொறுப்பில். பாஸ் சென்ரியில்.

இதை நான் வரிசையாக விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

"வரட்டுமே," என்றார் ரீச்சர். "நிபுணர் வந்து பாத்தா நல்லதுதானே. எவ்வளவு காலமெடுத்தாலும்..."

"ரீச்சர்," என்றார் திரேசம்மா.

ரீச்சர் திரும்பினார்.

"நீங்கள் படிச்சனீங்கள். நான் உங்களோட வாதாட ஏலாது. உங்கட பறவைக்கு இப்ப இங்கிலீசில ஒரு பேர், இலத்தீனில ஒரு பேர். என்ர மனிசனுக்குத் தொழில் இல்லை. அந்தக் கதவுக்காரன் நெல் வெட்டப் போனவன். இவர் எங்க போறது? இவருக்குத் தேங்காய் உரிக்கவும் தெரியாது."

"தெரியும்," என்றார் சவிரிமுத்து.

"வாயை மூடுங்கோ."

எனக்குக் கந்தோர் மூளை வேலை செய்யத் தொடங்கியது இந்த இடத்தில்தான். சென்ரியின் பதிவேட்டில் உயிருள்ளவற்றுக்கு மூன்றே தலைப்புகள். மனிதர். கால்நடை. வீட்டுப்பறவை. கடற்பறவை என்று ஒரு தலைப்பை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மனிதர் என்று எழுத முடியாது, அடையாள அட்டை கேட்பார்கள். கால்நடைக்கு நாலு கால் வேண்டும். ஆனால் வீட்டுப்பறவை என்றால் கோழி, தாரா என்கிற வாத்து, வான்கோழி. அதற்குக் கொழும்பு வேண்டாம். சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால் போதும். படித்த ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே விடலாம்.

"இது சவிரிமுத்துவின்ர தாரா," என்றேன். "கடலுக்குள்ள போயிட்டுது. அவர் பிடிச்சுக்கொண்டு வந்தார்."

டொக்டர் தன் விரலைப் பார்த்தார். சவிரிமுத்து பறவையைப் பார்த்தார். ரீச்சர் என்னை, சோதனையில் பார்த்து எழுதிப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நாலு விரலுக்கும் சவ்வு எண்டு இப்பதானே காட்டினனான். இதைத் தாரா எண்டு ஒரு பிள்ளை எழுதியிருந்தா பூச்சியம் போட்டிருப்பன்."

"எனக்குப் போடுங்கோ ரீச்சர். ஆனா கையெழுத்தையும் போடுங்கோ. டொக்டர் புதுசு, அவர் போட்டா மேலிடத்தில கேள்வி வரும்."

"என்ர கை வராது," என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாலை வெட்டாத மீன்

அன்று பின்னேரம் பறவையின் எடையை எடுக்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ரீச்சர் சவிரிமுத்துவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதைத் திரேசம்மா பிறகு எனக்குச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால், குசினி வாசலில், பறவைக்குத் திரேசம்மா மீன் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வள்ளக்காரரிடம் கேட்டு வாங்கிய மீன். சூடை. வெட்டிப் போட்டால் தின்னாது, முழு மீனாகத்தான் வேண்டும், அதுவும் தலைப்பக்கம் முதலில். திரேசம்மா ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தார். குசினிக்குள் அடுப்பில் பருப்பு.

"நீங்கள் மீன் சமைக்கேல்லையோ?" என்று ரீச்சர் கேட்டாராம்.

"கேட்டு வாங்கினது இதுக்குக் காணாது ரீச்சர். இது செத்துப்போனா ஐயா எதை வகைப்படுத்துறது? செத்ததுக்கு இன்னொரு நடைமுறை சொல்லுவார்."

சொல்லியிருப்பேன். உண்மையில் அதற்கு ஒரு நடைமுறை இருந்தது.

ரீச்சர் கொஞ்சநேரம் குந்தி இருந்து தானும் சில மீனைக் கொடுத்தாராம். பறவை வாங்கியதாம். வாங்கிவிட்டு அவருடைய சேலைத்தலைப்பைச் சொண்டால் நீவியதாம். அவர் எடையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை என் மேசையில் கடிதம் இருந்தது. அழகான கையெழுத்து. சவிரிமுத்துவின் பொறுப்பில் உள்ள பறவையைத் தாம் நேரில் பார்த்ததாகவும், அது மனிதரோடு பழகிய, தீங்கற்ற, நீந்தும் பறவை என்றும், சென்ரியின் தலைப்புகளில் 'வீட்டுப்பறவை' என்பதன்கீழ் வைக்கத் தமக்கு ஆட்சேபமில்லை என்றும் எழுதியிருந்தார். தாரா என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. ஆனால் பொய்யும் எழுதவில்லை. என் வாழ்நாளில் நான் வாசித்த அரசாங்கக் கடிதங்களில் அதற்கு நிகரானது ஒன்றுமில்லை. அதை எழுதியவர் அரசாங்கக் கந்தோரில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது எனக்கு இன்றும் ஒரு மனவருத்தம்.

கையெழுத்துக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், பறவையின் இலத்தீன் பெயர். பார்க்கிறவர்கள் அதை அவருடைய பட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சென்ரியில் பரீட்சை

இறங்குதுறைச் சென்ரிக்கு அப்போது பொறுப்பாயிருந்த இராணுவச் சார்ஜன் கொஞ்சம் வயதான மனிதர். தமிழைத் தன் அளவில் பேசுவார். எங்களைப் பார்த்துக் கத்த மாட்டார். கத்தாத சார்ஜனிடம்தான் நான் மிகவும் கவனமாக இருப்பேன்.

நான், ரீச்சர், சவிரிமுத்து, திரேசம்மா, சாக்குக்குள் பறவை. கடிதத்தை நீட்டினேன். அவர் ஆறுதலாக வாசித்தார். இலத்தீனைக் கண்டதும் ரீச்சரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"மாத்தயா," என்றார் என்னைப் பார்த்து. அது சிங்களத்தில் ஐயா. "இது தாரா?"

"வீட்டுப்பறவை, சார்ஜன்."

"எங்க ஊர்ல நம்ம வீட்ல தாரா நிறைய இருக்கு." அவர் குனிந்து பறவையைப் பார்த்தார். பறவை அவரைப் பார்த்தது. "இப்பிடி இல்ல."

"இது வேற சாதி," என்றார் சவிரிமுத்து.

"பெரிய சாதி," என்றார் திரேசம்மா.

சார்ஜன் யோசித்தார். "சரி. வீட்டுத் தாரான்னா, கூப்பிட்டா வரும் தானே? விடுங்க பாக்கிறது."

நடைமுறையில் இப்படியொரு பரீட்சை எங்கும் இல்லை. ஆனால் அது நியாயமான பரீட்சை. மறுக்க ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு அப்படி நடப்பது குறைவு.

சாக்கை அவிழ்த்தோம். பறவை சீமெந்துத் தரையில் அகலக் கால் வைத்து நின்றது. துறைமுகத்திலிருந்து காற்று வந்தது. சவிரிமுத்து பின்வாங்கினார்.

திரேசம்மா சேலையைச் செருகிக்கொண்டு முன்னே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "வா வா வா வா," என்றார், தன் கோழிகளைக் கூப்பிடும் அதே குரலில். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் சந்தையில் மீன் விற்கும் கை அது, எத்தனை தரம் கழுவினாலும் பறவைகளுக்குத் தெரியும்.

பறவை தலையைச் சாய்த்தது. பிறகு நடந்தது. இரண்டு பக்கமும் ஆடி ஆடி, ஓய்வூதியம் எடுக்க வருகிறவர் மாதிரி, திரேசம்மாவுக்குப் பின்னால் இறங்குதுறை நெடுகப் போனது. காவலுக்கு நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான். திரேசம்மா திரும்பினார், பறவையும் திரும்பியது. அவர் நின்றார், அதுவும் நின்றது.

"ஹரி, சரி," என்றார் சார்ஜன். "தாராதான்."

உள்ளே போய்ச் சவிரிமுத்துவின் பாஸை எடுத்து வந்தார். வெளியே இருந்த மேசையில் வைத்து முத்திரை குத்தக் கையை ஓங்கினார்.

அந்த நேரத்தில்தான் பறவை இறங்குதுறையின் விளிம்புக்கு வந்துசேர்ந்தது.

காற்றைக் கண்டது. செட்டையை விரித்தது. என் மேசையைத் தாண்டி நின்ற அதே செட்டை. கந்தோருக்குள் அலங்கோலமாக இருந்த பொருள், வெளியில் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே எட்டில் காற்று அதைத் தூக்கியது. தண்ணீரை ஒட்டிப் போய், மேலே ஏறி, கோயில் மலைப்பக்கம் ஒரு வட்டம் அடித்தது. பிறகு செட்டையை உடலோடு மடித்து, தலைகீழாக, எறிந்த ஈட்டிபோல, சார்ஜனின் கண்முன்னாலேயே கடலுக்குள் விழுந்தது.

வெளியே வந்தபோது சொண்டில் மீன் இருந்தது.

எந்த ஊரிலும் எந்தத் தாராவும் அப்படிச் செய்யாது.

சார்ஜனின் கை ஓங்கியபடியே நின்றது. பொடியன்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ரீச்சர் மட்டும், தன் கையெழுத்து எந்தக் காகிதத்தில் இருக்கிறதென்பதையே மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சவிரிமுத்துவின் கண் பாஸில் இருந்தது.

"மாத்தயா," என்றார் சார்ஜன்.

"ஓம்."

"தாரா போய்ட்டுது."

"ஓம்."

"யாருடைய தாரா?"

சவிரிமுத்து பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.

"உங்க தாரா கடலுக்குள்ள போனா," என்றார் சார்ஜன் ஆறுதலாக, "புடிக்கிறது யாரு? நானா?"

அவர் கையிலிருந்த முத்திரையால் சவிரிமுத்துவைச் சுட்டினார்.

"சொந்தக்காரன்தான் புடிக்க வேணும். கடலுக்குப் போறதுன்னா பாஸ் வேணும் தானே, மாத்தயா?"

"வேணும்," என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தினார். பிறகு பேனாவை எடுத்து, போகும் காரணம் என்ற இடத்தில், மீன்பிடி என்று இருந்ததை வெட்டிவிட்டுத் தன் மொழியில் எழுதினார்: காணாமற்போன தாராவைத் தேடுதல்.

நான் நடைமுறைக்குள் பிறந்து நடைமுறைக்குள் வளர்ந்தவன். என்னைவிடக் கெட்டிக்காரர்களைக் கந்தோர்களில் அதிகம் கண்டதில்லை. அன்று அந்த மனிதருக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் முடியவில்லை.

தேடுதல்

சவிரிமுத்து அன்றே கடலுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். ஒவ்வொரு காலையும் சென்ரியில் சார்ஜன் கேட்பார், "தாரா கெடைச்சுதா?" என்று. "இன்னும் இல்லை சேர்," என்பார் சவிரிமுத்து. "தேடுங்க," என்பார் அவர். தேடிக்கொண்டு போகிற வழியில் வலையில் மீன் விழுந்தால் அது தற்செயல்.

மாதக் கடைசியில் பாஸைப் புதுப்பிக்க என்னிடம் வருவார். தேடுதல் தொடர்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். சார்ஜன் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தார். முந்தியவர் எழுதியதை வெட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. அவரும் கேட்டார், தாரா கிடைத்ததா என்று.

இந்தத் தேடுதலை மனதார நம்பியவர் ஒருவர்தான். சந்தையில் திரேசம்மாவைக் கண்டாலும், வீதியில் சவிரிமுத்துவைக் கண்டாலும், பரிமளம் ரீச்சர் சைக்கிளை நிறுத்திவிடுவார். "கண்டனீங்களோ? இந்நேரம் தலை வெளுக்கத் தொடங்கியிருக்கும். முகத்தில கறுப்பு வந்திருக்கும்."

ஒருநாள் சவிரிமுத்து பாஸுக்காக வந்து கந்தோர்க் கதிரையில் ஆடிக்கொண்டிருந்தபோது, ரீச்சரும் வேறெதற்கோ வந்துவிட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். சவிரிமுத்து வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கண்டனான் ரீச்சர்."

ரீச்சர் என் மேசையைப் பிடித்துக்கொண்டார். "எங்க?"

"நேற்று. வெளிக்கடலில. வந்து என்ர வள்ளத்து அணியத்தில குந்தினது. அதேதான் ரீச்சர், என்னைத் தெரிஞ்ச மாதிரிப் பாத்தது. தலை வெள்ளை, முகம் கறுப்பு, நீங்கள் சொன்ன மாதிரி."

"பிறகு? என்ன செய்தனீங்கள்?"

"துடுப்பால கலைச்சுப்போட்டன்."

"ஏன் மனிசன்?"

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்," என்றார் சவிரிமுத்து, உண்மையாகவே திகைத்துப்போய். "அது கிடைச்சிட்டா நான் பிறகு எப்படிக் கடலுக்குப் போறது?"